எண்கோண வீட்டைக் காத்த விற்பனைப் பத்திரம்

நியூயார்க் மாநிலத்தின் இர்விங்டன் ஊரில் ஹட்சன் ஆற்றை நோக்கி நிற்கும் ஆர்மர்-ஸ்டைனர் வீடு, எட்டுப் பக்கச் சுவர்களையும் அவற்றின் மேல் பெரியதொரு குவிமாடத்தையும் கொண்டது. அமெரிக்காவின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு வரலாற்றில் அது தனியிடம் பெற்றதற்கு இவ்வரிய வடிவம் மட்டுமன்றி, 1970களில் இடிபடவிருந்த நிலையிலிருந்து அது மீட்கப்பட்ட முறையும் காரணமாகும்.

மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்து ஒருவரின் குணத்தைக் கணிக்கலாம் என்று போதித்துவந்த ஆர்சன் ஃபௌலர், 1848இல் வெளியிட்ட நூலொன்றில் எண்கோண வீடே சிக்கனமானது என்று வாதிட்டார். சுற்றுச்சுவரின் மொத்த நீளம் 160 அடி எனில், சதுர வீட்டில் 1,600 சதுர அடியும், எண்கோண வீட்டில் ஏறத்தாழ 1,930 சதுர அடியும் கிடைக்கும் என்பதால், கணக்களவில் அவர் கூற்று சரியே. ஆயினும், உள்ளே செவ்வக அறைகளைத் தடுக்கும்போது எஞ்சும் முக்கோண மூலைகள் அலமாரிகளுக்கு அப்பால் பெரிதும் பயன்படாமையால் அந்நூலால் எழுந்த எண்கோண வீட்டு மோகம் நீடிக்கவில்லை. ஃபௌலர் தமக்கெனக் கட்டிய எண்கோண மாளிகையும் கைமாறிப் பாழடைந்து, 1897இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நிதித்துறையைச் சேர்ந்த பால் ஆர்மர் 1859-60இல் கட்டிய இர்விங்டன் வீட்டை, பின்னர் வாங்கிய தேயிலை வணிகர் ஜோசப் ஸ்டைனர் 1872க்கும் 1876க்கும் இடையே விரிவாக்கி, குவிமாடத்தை எழுப்பி, வீட்டைச் சுற்றித் தாழ்வாரமும் அமைத்தார். குவிமாடம் தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் செலுத்துவதில்லை. அடிவிளிம்பில் அது வெளிப்புறமாகவும் உதைப்பதால், அவ்வுதைப்பைத் தாங்கும் கட்டு இல்லாவிடில் சுவர்கள் மெல்ல விலகும். நூறாண்டுக்குப் பின் இவ்வீட்டுக்கு நேர்ந்த சேதத்தில் இதற்கும் பங்குண்டு.

1975இல் இவ்வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், அமெரிக்கச் சட்டப்படி அவ்வறிவிப்பு ஒரு கட்டடத்தின் சிறப்பை ஏற்பதேயன்றி, தனியார் உரிமையாளர் தம் பணத்தில் அதை இடிப்பதைத் தானாகத் தடுப்பதில்லை. எனவே, மரபுச் சின்னங்களைப் பேணுவதற்காக 1949இல் நிறுவப்பட்ட தேசிய அறக்கட்டளை, 1976இல் வீட்டையே விலைக்கு வாங்கியது. இடிபடாமல் காப்பதற்காக அவ்வமைப்பு ஒரு வீட்டை வாங்கியது அதுவே முதன்முறை. எனினும், சீரமைப்புக்கு வேண்டிய பெருந்தொகை அதனிடம் இல்லாமையால், 1978இல் மரபுக் கட்டடச் சீரமைப்பில் தேர்ந்த கட்டடக்கலைஞர் ஜோசப் பெல் லொம்பார்டியிடம், வீட்டின் தன்மையைச் சிதைக்கலாகாது என்ற பாதுகாப்பு நிபந்தனைகளுடன் அதை விற்றது. விற்பனைப் பத்திரத்தில் இடம்பெறும் இத்தகைய நிபந்தனை, ஆளைச் சாராமல் சொத்தைச் சார்ந்து நிற்கும்படி எழுதப்படுமாயின், பின்னர் வாங்குவோரையும் கட்டுப்படுத்தும்.

லொம்பார்டி குவிமாடத்தின் அடியில் எஃகு வளையமொன்றைப் பொருத்தி, வெளிநோக்கிய உதைப்பைக் கட்டுப்படுத்திய பின், உள்ளலங்காரங்களையும் தோட்டத்தையும் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார்.

சின்னங்களின் பட்டியலில் பெயர் ஏறுவது ஒரு வீட்டின் மதிப்பைச் சொல்லும். அதை இடியாமல் நிறுத்துவன, பத்திரத்தில் பிணைக்கும் நிபந்தனையும், பராமரிப்புச் செலவை ஏற்கும் உரிமையாளரும், கட்டடத்தின் நோயறிந்து செய்யும் பழுதுபார்ப்புமே என்பதற்கு இர்விங்டன் வீடு சான்றாகும்.