சவுரியா, கொக்கிப் பின்னலா? கணக்குப் பார்த்துத் தலையைக் கொடுங்கள்!

ஐதராபாத்துக்குப் புதிதாக வரும் தமிழரைத் திடுக்கிட வைக்கும் தெலுங்குச் சொற்களில் 'சவரம்' ஒன்று. நமக்கு அது நாவிதர் செய்யும் வேலை. தெலுங்கருக்கோ அது பெண்கள் தலையில் வைத்துப் பின்னிக் கொள்ளும் சவுரி. "எங்கள் வீட்டம்மாவுக்கு நல்ல சவரமாக ஒன்று கொடுங்கள்" என்று கடையில் ஒருவர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் நம்மவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட வேண்டியதுதான்.

சொல் எப்படி இருந்தாலும், இரு மொழிப் பெண்களுக்கும் ஆசை ஒன்றே. இருக்கிற முடியோடு இன்னும் கொஞ்சம் முடி வேண்டும். கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள். இல்லாதவள் வாங்கி முடிகிறாள்.

இந்த வாங்கி முடிகிற விஷயத்தில் இப்போது புது மோஸ்தர் ஒன்று இளம் பெண்களின் மனத்தைப் பிடித்திருக்கிறது. அதுதான் 'குரோஷே' பின்னல். ஆப்பிரிக்க மாணவர்கள் பலர் வசிக்கும் டோலிசௌகி பக்கம் போனால் இத்தகைய தலை அலங்காரங்களைப் பார்க்கலாம். ஆப்பிரிக்கர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர். நிஜாம் காலத்து ஆப்பிரிக்கக் குதிரைப் படையின் பெயரைத்தான் 'ஏ.சி. கார்ட்ஸ்' என்ற பேட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. அவர்களுடைய பின்னல் கலை நம் வீட்டுப் பெண்களின் கைபேசிக்கு வந்து சேர்ந்ததுதான் புதிது.

மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா? பணம், நேரம் இரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எப்படிப் பின்னுகிறார்கள்?

முதலில் சொந்த முடியை மண்டையோடு ஒட்டிய மெல்லிய வரிசைகளாகப் பின்னுகிறார்கள். சோளக் கொல்லையின் வரிசைகளைப் போலத் தெரிவதால் ஆங்கிலத்தில் இதற்குச் சோளத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பிறகு, நுனியில் மூடித் திறக்கும் நாக்கு வைத்த கொக்கி ஊசி ஒன்றை அந்த வரிசைகளுக்கு அடியில் நுழைத்து, செயற்கை முடிக் கற்றையை இழுத்து, முடிச்சுப் போடுகிறார்கள். நம் பெண்கள் குரோஷா ஊசியில் மேஜை விரிப்புப் பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இப்படித் தலை முழுவதும் முடிச்சு விழ வேண்டும். அடிப் பின்னலுக்கு ஒன்றிரண்டு மணி, கொக்கி வேலைக்கு இரண்டு முதல் நான்கு மணி என்று அரை நாள் போய்விடும். போட்டால் நான்கு முதல் எட்டு வாரம் வரை வைத்துக் கொள்ளலாம் என்பது பொது வழக்கு. அதற்கு மேல் வைத்தால் முடி சிக்குப் பிடிக்கும். அவிழ்ப்பதற்கும் ஒரு மணிக்குக் குறையாது.

செயற்கை முடி என்பது பெரும்பாலும் ரசாயன இழை. ஜப்பானியக் கம்பெனியான கனேகா 1957 முதல் தயாரித்து வரும் 'கனேகலான்' இதில் பேர் போனது. ஆப்பிரிக்காவில் இந்த வகை முடி விற்கும் 'டார்லிங்' நிறுவனத்தில் நம் நாட்டு கோத்ரெஜ் 2011ல் பங்கு வாங்கியது என்றால், இதில் எவ்வளவு பெரிய வியாபாரம் இருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

ரூபாய்க் கணக்கு

செகந்திராபாத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்தை உதாரணமாக வைத்துக் கொள்வோம். கும்பகோணத்தில் சித்தி மகளுக்குக் கல்யாணம். ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குரோஷே பின்னல் போட்டுக் கொண்டு போக ஆசை.

"அம்மா, ஒரு பாக்கெட் நானூறு ரூபாய்தானாம்" என்கிறாள் மகள்.

"ஒரு பாக்கெட் தலைக்குப் போதுமாடி?" என்கிறாள் தாய்.

தாய் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. தலை நிறைய வேண்டுமானால் ஐந்து முதல் எட்டுப் பாக்கெட் பிடிக்கும். விலை கடைக்குக் கடை, கைக்குக் கை மாறும். கணக்குக்காக மட்டும் இப்படி வைத்துக் கொள்வோம். ஆறு பாக்கெட், 2,400 ரூபாய். பின்னுகிறவருக்குக் கூலி 2,500 ரூபாய். போக வர ஆட்டோ 200 ரூபாய். ஆக மொத்தம் 5,100 ரூபாய்.

ஆறு வாரம், அதாவது 42 நாள் தாங்கினால் நாளொன்றுக்கு 121 ரூபாய் ஆகிறது. மூன்றே வாரத்தில் அவிழ்க்க நேர்ந்தால் 243 ரூபாய். பாக்கெட் விலையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இந்த நாள் கணக்கைப் பார்ப்பதில்லை.

மூன்று வாரத்தில் ஏன் அவிழ்க்க வேண்டும்? ஆப்பிரிக்கப் பெண்களின் முடி சுருட்டை முடி. ஒன்றையொன்று பிடித்துக் கொள்ளும். நம் பெண்களின் முடி நீளமாக, வழுவழுப்பாக இருப்பதால் அடிப் பின்னல் சீக்கிரம் நழுவித் தளர்ந்து விடக் கூடும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமும் இதோடு ஒத்துப் போகாது. செயற்கை இழையில் எண்ணெய் படிந்தால் பிசுபிசுத்து, தெருப் புழுதியை எல்லாம் வாங்கிக் கொள்ளும்.

நேரக் கணக்கு

நேரத்தைப் பொறுத்தவரை மகள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. போட ஐந்து மணி, அவிழ்க்க ஒரு மணி, போக்குவரத்து இரண்டு மணி, ஆக எட்டு மணி நேரம் செலவு. ஆனால் தினமும் காலையில் தலை வாரிப் பின்னும் கால் மணி மிச்சமாகிறது. 42 நாளுக்கு அது பத்தரை மணி நேரம். ஆகவே இரண்டரை மணி நேரம் லாபம்! விடிவதற்குள் கிளம்பி ஓடும் பெண்ணுக்கு அந்தக் கால் மணி லேசான விஷயமல்ல.

மூன்று வாரத்தில் தளர்ந்து விட்டாலோ, மிச்சம் ஐந்தே கால் மணிதான். இரண்டே முக்கால் மணி நஷ்டம். தினக் கூலியில் இருப்பவர் இதற்காக ஒரு நாள் வேலையை விட்டால், அந்தக் கூலியையும் செலவில் எழுத வேண்டும்.

சவுரியின் கணக்கு

இனி பழைய சவுரிக்கு வருவோம். நைலான் சவுரி விலை குறைவு. பளபளப்பு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். மனித முடியில் செய்தது விலை அதிகம். நீளம் கூடக் கூட விலையும் கூடும். ஏன் அவ்வளவு விலை?

திருமலைக் கல்யாண கட்டாவில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் 'தலநீலாலு' நீளவாரியாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் போகிறது. தேவஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வருமானம் தருகிற பொருள் அது. ஆந்திரத்தில் ஏலூரு, தமிழ்நாட்டில் சென்னை போன்ற இடங்களில் முடியை அலசி, சீவி, தரம் பிரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். பதப்படுத்தாத முடியை ஏற்றுமதி செய்ய அரசின் அனுமதி வேண்டும் என்று 2022 ஜனவரியில் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. சீப்பில் சேர்ந்த சிக்கு முடியைப் பாத்திரக்காரரிடம் போட்டுக் கிண்ணம் வாங்கிய பாட்டிமார்களுக்கு அதன் மதிப்பு அன்றே தெரிந்திருக்கிறது.

மனித முடிச் சவுரி 3,500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பண்டிகை, கல்யாணம், கோயில் என்று ஆண்டுக்கு இருபது நாள் வீதம் மூன்று ஆண்டு வைத்தால் 60 தடவை. தடவைக்கு 58 ரூபாய். வைத்துப் பின்னப் பத்தே நிமிஷம். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, சீவி, துணியில் சுற்றி வைத்து விடலாம். தாய்க்கும் மகளுக்கும் முடி நிறம் ஒன்றானால் ஒரே சவுரி இருவருக்கும் ஆகும். குரோஷே முடியை அப்படிக் கடன் கொடுக்க முடியாது.

கணக்கில் வராத செலவு

ரூபாயிலும் மணியிலும் அடங்காத செலவு ஒன்று உண்டு. அது சொந்த முடி. இறுக்கிப் பின்னி, அதன் மேல் பாரமும் ஏற்றினால், வேர் நாளடைவில் பலவீனப்பட்டு நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் முடி ஏறிக் கொண்டே போகும். தோல் வைத்தியர்கள் இதை 'டிராக்ஷன் அலோபீசியா', அதாவது இழுப்பினால் வரும் வழுக்கை என்கிறார்கள். ஆரம்பத்தில் கவனித்துப் பின்னலை விட்டு விட்டால் முடி திரும்ப வளரும். ஆண்டுக் கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகி, பிறகு வளராமலே போகலாம். போட்டவுடன் வலி, சிறு கொப்புளம், நெற்றித் தோல் இழுப்பு இருந்தால் அது எச்சரிக்கை. "இரண்டு நாளில் பழகிவிடும்" என்று பொறுத்துக் கொள்ளக் கூடாது.

சவுரிக்கும் இந்தக் குற்றம் இல்லாமல் இல்லை. நாலு முடி உள்ள கொத்தில் கனமான சவுரியைத் தொங்கவிட்டால் அதுவும் வேரை இழுக்கத்தான் செய்யும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகோ கடும் காய்ச்சலுக்குப் பிறகோ கொட்டிய முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானே வளரும். அந்த நேரத்தில் அதன் மேல் பாரம் ஏற்றாதிருப்பதே நல்லது. காரணம் தெரியாமல் கொட்டினால் ரத்த சோகை, தைராய்டு இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது சவுரி வாங்குவதை விட முந்திய காரியம்.

இன்னொரு செய்தி. அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 2025ல் பின்னலுக்கான செயற்கை முடி வகைகளில் பத்தைச் சோதித்தது. புற்றுநோயோடு தொடர்புள்ள ரசாயனங்கள் எல்லாவற்றிலும் இருந்தன. ஒன்பதில் ஈயம் இருந்தது. இதைக் கேட்டு அலற வேண்டியதில்லை. ஆனால் ஆறு வாரம் இரவும் பகலும் தலையோடு இருக்கப் போகிற பொருள் என்பதை மறக்கவும் கூடாது.

அடுப்படியிலும் கவனம் வேண்டும். ரசாயன இழைகளில் பல சூட்டில் உருகும். இயந்திரத்தின் அருகே வேலை செய்கிறவர்கள் தொங்கும் பின்னலை முடிந்து கட்டிக் கொள்ளாமல் இருப்பது ஆபத்து.

யாருக்கு எது?

ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம் என்று ஓரிரு நாள் அலங்காரம்தான் வேண்டுமென்றால் சவுரியே போதும். பணமும் மிச்சம், தலையும் மிச்சம்.

ஆறு வாரமும் வைத்துக் கொள்ள மனமும், எண்ணெயை விட்டுவிட முடிவும், வாரம் ஒரு முறை மண்டையை அலசி நன்றாக உலர்த்தப் பொறுமையும் இருந்தால் குரோஷே பின்னலைத் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம். அப்படிப் போடுகிறவர்கள், நம்மைப் போன்ற வழுவழுப்பான முடியில் பின்னிப் பழக்கம் உண்டா என்று பின்னுகிறவரிடம் கேட்டுவிட வேண்டும். முடி விலை, கூலி, அவிழ்க்கும் கூலி மூன்றையும் முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும். அவிழ்த்த பிறகு அடுத்ததைப் போடுமுன் தலைக்குச் சில வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப் பின்னல் முதல் இரண்டு மூன்று இரவு தலையணையில் தலை வைக்க விடாது. மாலையில் பின்னலை முடித்துக் கொண்டு நேரே சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறினால், தாம்பரம் வரை உட்கார்ந்தே வர வேண்டியிருக்கும்! ஒரு வாரம் முன்னதாகவே போட்டுக் கொள்வது நல்லது.

நம் குமாஸ்தா வீட்டில் தாய் கடைசியில் என்ன சொல்வாள்? "கல்யாணத்துக்கு என் சவுரியை வைத்துக் கொள். திரும்பி வந்த பிறகும் ஆசை இருந்தால் உன் சம்பளத்தில் கொக்கிப் பின்னல் போட்டுக் கொள். நெற்றியில் முடி ஏறினால் மட்டும் என்னிடம் வந்து அழாதே" என்பாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிற கணக்கு எந்தக் கடையின் விலைப் பட்டியலிலும் இராது.