கை மறக்கக் கூடாத பாடம்

ஒருவருடைய இதயம் திடீரென நின்றுவிட்டால் மூளை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? தசைகளில் கிளைக்கோஜன் சேமிப்பு இருக்கிறது என்று உயர்தர உயிரியலில் படிக்கிறோம். மூளையிடம் சொல்லும்படியான சேமிப்பு எதுவும் இல்லை. குருதி கொண்டுவரும் ஒட்சிசனையும் குளுக்கோசையும் நம்பியே அது ஒவ்வொரு கணமும் இயங்குகிறது. குருதியோட்டம் நின்றால் சில செக்கன்களில் நினைவு தப்பிவிடும். நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளைக் கலங்கள் சேதமடையத் தொடங்கும்.

அந்தச் சில நிமிடங்களில் நெஞ்சை அழுத்தி, தேவையானபோது மூச்சும் கொடுத்து, நின்ற இதயத்தின் வேலையை நம் கைகளால் செய்வதுதான் மீளுயிர்ப்பு முதலுதவி. சி.பி.ஆர். என்று இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். இதை அறிந்தவர்கள் என்று நாங்கள் நம்பியிருப்பது தாதியரையும் அம்புலன்ஸ் ஊழியர்களையும்தான். அவர்களுடைய அறிவு எப்படிப்பட்டது, அது எப்படிக் காக்கப்படுகிறது, அதில் எங்களுக்கு என்ன பங்கு என்பதை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு கைகளின் கண்டுபிடிப்பு

இன்றைய நெஞ்சழுத்தும் முறை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. கூவன்ஹோவன் என்ற மின் பொறியியலாளரும் நிக்கர்பொக்கர் என்ற ஆய்வாளரும் மின் அதிர்ச்சியால் இதயத்தைச் சீராக்குவதை நாய்களில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். மின்முனைகளை நெஞ்சில் அழுத்தி வைத்தபோதே, மின்சாரம் பாயும் முன்னரே, குருதியழுத்தம் சற்று உயர்வதை அவர்கள் கவனித்தார்கள். ஜூட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்துகொள்ள, 1960 இல் மூவரும் தமது முடிவை வெளியிட்டனர். நெஞ்சைப் பிளக்காமல், இரண்டு கைகளை மட்டும் கொண்டு குருதியை ஓடவைக்கலாம் என்பதே அது.

இதயம் மார்பெலும்புக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் இருக்கிறது. மார்பெலும்பை அழுத்தும்போது குருதி வெளியே தள்ளப்படுகிறது. கையைத் தளர்த்தும்போது இதயம் மறுபடி நிரம்புகிறது. மிகச் சரியாகச் செய்தாலும் வழமையான குருதியோட்டத்தில் கால்பங்கு, கூடினால் மூன்றிலொரு பங்குதான் கிடைக்கும். தவறாகச் செய்தால் அதுவும் குறைந்துவிடும்.

ஆகவேதான் அளவுகள் இவ்வளவு கண்டிப்பாக உள்ளன. வளர்ந்தவர்களுக்கு 5 சென்றிமீற்றருக்குக் குறையாமலும் 6 சென்றிமீற்றருக்கு மேற்படாமலும் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னரும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு. இடைநிறுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்துபவர் மாற வேண்டும்.

தெரிவதும் செய்வதும்

என் சாச்சி ஓர் அரசாங்க வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தர். அவரிடம் இந்த அளவுகளைப் பற்றிக் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "கேள்வித்தாள் தந்தா இப்பவும் முழுப் புள்ளி எடுப்பன் மகள். ஆனா கை மறந்திரும். கைக்குத்தான் அடிக்கடி ஞாபகப்படுத்தணும்."

பல நாடுகளில் தாதியரிடமும் மாணவரிடமும் நடந்த ஆய்வுகள் காட்டுவதும் இதைத்தான். பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே கைத்திறன் குறையத் தொடங்குகிறது. எழுத்துப் பரீட்சைக்கான அறிவு அதைவிட நீண்ட காலம் நிற்கிறது. பயிற்சிச் சான்றிதழோ பொதுவாக இரண்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகும். சான்றிதழ் செல்லுபடியாக இருக்கும்போதே கை மறந்திருக்கலாம் என்பது இதன் பொருள்.

இதைத் தாதியரின் கவனக்குறைவு என்று எண்ணுவது தவறு. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர் இத்தகைய நிலைமையை அடிக்கடி காண்கிறார். சாதாரண வார்டில் இருப்பவருக்கோ அது எப்போதாவதுதான் வரும். வரும்போது முன்னறிவிப்பில்லாமல், நடுச்சாமத்திலும் வரும். ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுப்பதைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை வார்டிலேயே சில நிமிடங்கள் பயிற்சி செய்வதே நல்லது என்று இப்போது சொல்லப்படுகிறது. அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் உடனுக்குடன் காட்டும் பயிற்சிப் பொம்மைகளும் இருக்கின்றன.

சாச்சி இரண்டு தலையணைகளை அடுக்கி, மணிக்கூட்டைப் பார்த்து என்னையும் அழுத்தச் சொன்னார். தலையணையில் ஆழத்தைப் பழக முடியாது. ஆனால் ஒரு நிமிடம் கழிவதற்குள் என் தோள்கள் வலிக்கத் தொடங்கின. இரண்டு நிமிடத்தில் ஆள் மாற வேண்டும் என்ற விதியின் காரணத்தை எனக்குச் சொல்லித்தந்தது அந்த வலிதான்.

அம்புலன்ஸ் வரும் வரை

இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வாகனங்களோடு தொடங்கியது. பின்னர் நாடு முழுவதற்கும் விரிவடைந்தது. நோயாளியை ஏற்றிச் செல்வதோடு நின்றுவிடாமல், பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் அதில் வருகிறார். வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு பெரிய வைத்தியசாலைகள் இருப்பது எங்கள் பாக்கியம். ஆனாலும் பாடசாலை விடும் நேரத்தில் பிரதான வீதியில் ஓர் அம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வர முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதயம் நின்ற ஒருவருக்கு எவரும் எதுவும் செய்யாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எவ்வளவு திறமையான உதவியாளர் வந்தாலும், அவர் வருவதற்கு முன் கழிந்த நிமிடங்களை அவரால் மீட்க முடியாது. அவை வீட்டிலிருப்பவர்களின் கையில் இருக்கின்றன.

ஆகவே நாம் அறிய வேண்டியவை இவை. தட்டிக் கூப்பிட்டும் அசையாத, சாதாரணமாக மூச்சு விடாத ஒருவரைக் கண்டால் உடனே 1990 ஐ அழைக்க வேண்டும். இடைக்கிடை வாய் திறந்து இழுக்கும் மூச்சை உயிர் மூச்சு என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பயிற்சி இல்லாதவர் நெஞ்சின் நடுவே அழுத்தத்தை மட்டும் கொடுத்தாலும் போதும். தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்து, மறுமுனையில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுச் செய்யலாம்.

கடலும் வயல் வாய்க்கால்களும் உள்ள எங்கள் பிரதேசத்துக்கு இன்னொன்றும் முக்கியம். நீரில் மூழ்கியவருக்கு முதலில் குறைந்திருப்பது ஒட்சிசன். பயிற்சி பெற்றவர் மூச்சுக் கொடுத்தே தொடங்க வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும் நேரத்தை வீணாக்கும். வாந்தி சுவாசப்பைக்குள் போகவும் இடமளிக்கும்.

நாங்கள் ஏன் கற்க வேண்டும்?

2018 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, பொது இடத்தில் இதயம் நின்ற ஆண்களில் 45 சதவீதமானோருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்தனர். பெண்களில் 39 சதவீதமானோருக்கே அது கிடைத்தது. பெண்ணின் நெஞ்சில் கை வைக்கத் தயங்குவதும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அங்கேயே அப்படியென்றால், வெட்கமும் பேணுதலும் மிகுந்த எங்கள் ஊர்களில் அந்தத் தயக்கம் எவ்வளவு இருக்கும்? நிர்ப்பந்த நிலையில் தடுக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது எங்கள் மார்க்கச் சட்டம் அறிந்த விதி. உயிரைக் காப்பதைவிடப் பெரிய நிர்ப்பந்தம் எது? அவசரத்தில் உடையின் மேலாகவே அழுத்தத்தைத் தொடங்கலாம் என்பதையும் அறிந்துகொள்வோம்.

பகலில் வாப்பாவும் நானாமாரும் தொழிலுக்கும் கடலுக்கும் போன பிறகு, வீட்டில் இருப்பது உம்மாவும் உம்மம்மாவும் நாங்களும்தான். எங்களில் ஒருவர் விழுந்தால் முதலில் நீளும் கை இன்னொரு பெண்ணின் கையாகவே இருக்கும்.

கல்லூரியிடம் ஒரு வேண்டுகோள்: தவணைக்கு ஒருமுறை, தாதியர் ஒருவரை அழைத்து, பயிற்சிப் பொம்மையில் ஒவ்வொரு மாணவிக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். வருடத்துக்கு மூன்று தடவை என்றால் கை மறக்காது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: 1990 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே உங்கள் வீட்டு முகவரியையும், அம்புலன்ஸ் சாரதிக்குச் சொல்லக்கூடிய ஓர் அடையாளத்தையும், அது பள்ளிவாசலோ பாடசாலையோ, சேர்த்து எழுதுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியும் மறந்து போகும்.