மின்சாரம் போனாலும் வேலை போகாமலிருக்க

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையமைப்போடு இணையாத தீவுகள். டீசல் மின்பிறப்பாக்கிகளையே நீண்டகாலமாக நம்பியிருந்தன. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு, இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில், 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தகைய இடங்களில் காணி விபரங்களையும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வாக்குமூலங்களையும் பதிவுசெய்பவர்களுக்கு, மடிக்கணினியை எப்படி ‘உறங்க’ வைப்பது என்பது சின்ன விடயமல்ல.

லினக்ஸில் இரண்டு வகை உறக்கம் உண்டு. ‘சஸ்பென்ட்’ செய்தால் திரை, செயலி எல்லாம் ஓய்ந்துவிடும். நினைவகம் மட்டும் கொஞ்சம் மின்சாரத்தை உண்டுகொண்டிருக்கும். பற்றரி முழுதாக இறங்கினால் சேமிக்காத வேலை போய்விடும். ‘ஹைபர்நேட்’ அப்படியல்ல. நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு, கணினி முழுதாக அணைந்துவிடும். நாட்கள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உபுண்டுவில் ஹைபர்நேட் வழக்கமாகச் செயற்படுத்தப்பட்டிருப்பதில்லை. அதற்கு மூன்று விடயங்கள் வேண்டும்.

முதலாவது, ‘சுவாப்’ இடம். நினைவகம் 8 கிகாபைட் என்றால் சுவாப்பும் குறைந்தது அவ்வளவு இருப்பது பாதுகாப்பு. நிறுவும்போது தானாக உருவாகும் சுவாப் கோப்பு பெரும்பாலும் அதைவிடச் சிறியது.

இரண்டாவது, அந்த இடம் எங்கே என்பதை ‘கிரப்’ அமைப்பில் ‘ரெசியூம்’ என்ற கட்டளை மூலம் சொல்லவேண்டும். சுவாப் தனிப் பிரிவாக இல்லாமல் கோப்பாக இருந்தால், வட்டில் அது தொடங்கும் இடத்தின் இலக்கத்தையும் சேர்க்கவேண்டும். பின்னர் கிரப்பையும் தொடக்கக் கோப்பான ‘இனிட்ராம்எப்எஸ்’ஸையும் புதுப்பிக்கவேண்டும்.

மூன்றாவது, ‘செக்கியூர் பூட்’. இது இயங்கினால் பல லினக்ஸ் பதிப்புகள் ஹைபர்நேட்டை மறுத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் வேலைசெய்யாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் சேமித்துவிட்டே முதல் பரிசோதனையைச் செய்யுங்கள். பிறகு, முதலில் சஸ்பென்ட் ஆகி, குறித்த நேரத்தின் பின் தானாக ஹைபர்நேட் ஆகும் முறையையும் அமைக்கலாம். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கையில் பைக்குள் பற்றரி கரையாது.

ஒரு எச்சரிக்கை. ஹைபர்நேட் செய்யும்போது திறந்திருந்த வாக்குமூலமும் சிலவேளை கடவுச்சொல்லும் வட்டில் எழுதப்படுகின்றன. சுவாப் குறியாக்கம் செய்யப்படாவிட்டால், கணினியைக் கைப்பற்றுபவர் அவற்றை வாசிக்கமுடியும். சஸ்பென்ட்டில் குறியாக்கத்தின் திறவுகோல் நினைவகத்திலேயே இருக்கும். ஆகவே முழு வட்டையும் சுவாப்பையும் குறியாக்கம் செய்யுங்கள். சோதனைச்சாவடி, விசாரணை போன்ற நேரங்களில் கணினியை முழுதாக அணைத்துவிடுங்கள். நம்மை நம்பிப் பேசியவரின் பெயரைக் காப்பது, பற்றரியைக் காப்பதைவிட முக்கியம்.