யோக ஆசிரியரும் நன்னூல் மரபும்

ஆசிரியர்க்குரிய இலக்கணம் கூறப் புகுந்த பவணந்தியார், நூலறிவுடைமையோடு அமையாது, கொள்வோன் தகுதியறிந்து கற்பித்தலையும் வலியுறுத்தினார். ஏட்டுக் கல்விக்கு வகுத்த இவ்விலக்கணம், உடலாற் பயிலும் யோகக் கலைக்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

இதற்குத் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் (1888–1989) மாணவர் மரபைச் சான்றாகக் கொள்வாம். இவர் 1933 முதல் மைசூர் அரண்மனை யோகசாலையில் கற்பித்தவர். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்தவர். இவரிடம் பயின்றோருள் பி. கே. எஸ். ஐயங்கார் (1918–2014) இளமையில் நோயால் மெலிந்தவர். 1934-இல் மைசூர் போந்து பயின்று, 1937-இல் புனே நகரில் கற்பிக்கச் சென்றார். பிற்காலத்துக் கயிறு, மரக்கட்டை முதலிய துணைக்கருவிகளால், வளையாத உடலினர்க்கும் ஆசனம் கைகூடச் செய்தார். தாம் உற்ற நோயே பிறர் உடற்குறையை உணரத் துணையாயிற்று எனலாம். பட்டாபி ஜோயிஸ் (1915–2009), மைசூரில் இளைஞர் பயின்ற முறையைத் தழுவி, மூச்சோடு இயைந்த ஆசன வரிசையைப் பரப்பினார். கிருஷ்ணமாச்சாரியாரின் மகனார் தேசிகாச்சார் (1938–2016) பொறியியல் கற்றவர். அத்தொழிலை விடுத்துத் தந்தையாரிடம் பயின்று, அவரவர்க்கு ஏற்ற பயிற்சியைத் தனித்தனி வகுத்தார்.

ஆசிரியர் ஒருவர்; முறைகளோ மூன்று. இதனை மரபு பிறழ்ந்தமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. கொள்வோர் வேறுபட்டமையின் கற்பிக்கும் முறையும் வேறுபட்டது என்பதே எமது துணிபு.

இக்காலத்து, 200 மணிப் பயிற்சி முடித்தார்க்கு ஆசிரியச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியுள்ளது. மணிக்கணக்குப் பயின்ற காலத்தை அளக்கும். மாணாக்கனை அறியும் திறத்தை அளவாது. அத்திறமே நன்னூலார் வேண்டிய ஆசிரியத் தன்மையாதலின், யோக ஆசிரியரை மதிப்பிடுவார்க்கும் அந்நூல் அளவுகோலாகும் என்க.