ஊவாவின் கற்படிகள்

இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தூரத்தினின்று நோக்குவோர் அதனை ஒரே குவியலாய் எழுந்த மலைத்தொகுதி என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. இத்தீவு படிப்படியாக உயர்வது. கரையோரச் சமநிலம் முதற்படி. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இரண்டாம் படி. 1,500 மீற்றரை அண்டியும் அதற்கு மேலும் மூன்றாம் படி. கனடா நாட்டு அறிஞர் அடம்ஸ் 1929இல் இவற்றை ஆறரித்த சமவெளிகள் என விவரித்தார். அஃதாவது, ஆறுகள் நெடுங்காலம் அரித்து மட்டமாக்கிய நிலங்கள். பின்னர் இங்கு அரசாங்கக் கனிப்பொருளியலாளராகப் பணிபுரிந்த இந்திய அறிஞர் வாடியா, நிலத்துண்டுகள் பிளவுகளின் வழியே மேலே உயர்த்தப்பட்டமையே படிகளுக்குக் காரணம் என்றார். இவ்விரு கருத்துகளையும் பிற்காலத்தார் கேள்விக்குள்ளாக்கினர். காரணம் பற்றி வாதிடலாம். படிகள் இருப்பது பற்றி வாதமில்லை. ஐயுறுவோர் அப்புத்தளைக்கு வந்து தெற்கே நோக்குவாராக.

அப்புத்தளை ஒடுங்கிய மலைமுகட்டின் மேல் அமைந்த ஊர். ஒருபுறம் ஊவாவின் வடிநிலம், அலையலையான குன்றுகளும் தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களுமாய் வெலிமடை வரை விரிகின்றது. மறுபுறத்தே நிலம் திடீரெனக் கீழே வீழ்கின்றது. பதுளைப் புகையிரதத்தில் வருவோர் இதல்கஸ்ஹின்ன நிலையத்தில் இவ்விரு காட்சிகளையும் இரு பக்கத்துச் சாளரங்களினூடும் ஒருங்கே காணலாம். ஒருபக்கத்து மழைநீர் மகாவலியைச் சேர்ந்து கிழக்குக் கடலுக்கும், மறுபக்கத்து நீர் தென்கடலுக்கும் போகும்.

இச்சரிவை ஆக்கிய கற்கள் மிகப் பழையன. இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா யாவும் கொண்டுவானா என்னும் பெருநிலத்திற் சேர்ந்திருந்த காலத்தில், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், புவியின் ஆழத்தே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றுள் ஒன்றாகிய கொண்டலைற்று ஒரிசாவின் கொண்டு மக்களின் பெயரைப் பெற்றது. மற்றொன்றாகிய சாணோக்கைற்று, கல்கத்தாவில் யோபு சாணொக் என்பவருடைய கல்லறைக் கல்லினாற் பெயர் பெற்றது. சென்னைப் பரங்கிமலையும் அக்கல்லே. பாக்குநீரிணை பிரித்த இரு கரைகளிலும் கல் ஒன்றுதான் என்பதை எம் மாணவருக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு வியப்பு எழுவதைக் கண்டிருக்கின்றேன்.

மேற்படியில் அமைதியாய் ஓடிவரும் ஓடை, படியின் விளிம்பை அடைந்ததும் வேறு வழியின்றிக் குதிக்கின்றது. நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சியாகிய பம்பரகந்தை 263 மீற்றர். கொஸ்லந்தைக்கு அப்பால் தியலும 220 மீற்றர். இரண்டும் பதுளை மாவட்டத்தின் தென்விளிம்பிலேயே இருப்பது தற்செயலன்று. கல் வலிதாயிருக்குமிடத்து விளிம்பு செங்குத்தாய் நிற்கும். மென்மையான இடத்தில் ஓடை அதனை அறுத்துப் பின்னோக்கி நகரும். எல்லக் கணவாய் அவ்வாறு அறுபட்ட வாயிலே. அதனூடே கிரிந்தி ஓயாவிற்குச் செல்லும் நீரே இராவணன் பெயர்கொண்ட வீழ்ச்சியாக வழியோரத்தில் வீழ்கின்றது. பதுளைக்கு அருகேயுள்ள துன்ஹிந்தை இவ்வரிசையிற் சேராதது. அது வடக்கே மகாவலியை நோக்கிச் செல்லும் பதுளு ஓயாவின் வீழ்ச்சி. 64 மீற்றரே உயரமெனினும், எழும் நீர்ப்புகையினால் அது மற்றையவற்றினும் அழகியது என்பது என் கருத்து.

இனி, இவ்வழகின் மறுபக்கத்தையும் நேயர்கள் அறிதல் வேண்டும். செங்குத்தான கல்லிலிருந்து காலங்காலமாய் உடைந்து வீழ்ந்த பாறைத் துண்டுகளும் மண்ணும் சரிவின் அடியிலே குவிகின்றன. இக்குவியல் ஆழமானது, வளமானது, சற்றே சாய்வு குறைந்தது. தேயிலை நன்கு வளரும், ஊற்றுநீர் கிடைக்கும், கட்டடம் எழுப்புதலும் எளிது. ஆதலின் தோட்டங்களை அமைத்தோர் பல இடங்களில் லயங்களை அங்கேயே கட்டினர். ஆனால் அக்குவியல் கீழுள்ள பாறையோடு ஒட்டியதன்று. மழைநீர் உட்புகுந்து, பாறையின் மேல் தங்கி, மண்ணின் துளைகளை நிரப்பும்போது, துகளைத் துகள் பற்றியிருக்கும் பிடி தளர்கின்றது, பாரமோ கூடுகின்றது. அந்நிலையில் மலைப்பக்கம் முழுதும் ஒருங்கே நகரும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்தது அதுவே. லயங்கள் மக்களோடு புதையுண்டன. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகள், பெற்றோரைத் தேடித் திரும்பி வந்தபோது வீடிருந்த இடம் சேறாயிருந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, போய்க் குடியிருக்க வேறு நிலந்தான் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் மாண்டன.

ஊவாவுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வறண்ட காற்றாகவே வந்து சேரும். ஆடி ஆவணியில் எம் தேயிலைக்கு மணம் தருவதும் அக்காற்றே. மழைக்காலம் ஐப்பசி முதல் தை வரை. அக்காலத்தில் நிலத்தைக் கவனித்தல் வேண்டும். நிமிர்ந்து நின்ற மரம் சாய்தல், தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, கதவு இறுகுதல், தெளிந்த ஊற்று கலங்குதல் அல்லது திடீரென வற்றுதல் ஆகிய யாவும் நிலம் அசையத் தொடங்கியதன் குறிகள். இவற்றுள் ஊற்றின் மாற்றமே பலரும் பாராட்டாதது. தண்ணீர் எடுக்கச் செல்லும் பெண்களே முதலில் அறிவர். அவர்கள் சொல்வதைக் கேட்டல் வேண்டும்.

மழையின் அளவுக்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல். 100ஐக் கடந்தால் புறப்பட ஆயத்தமாதல். 150ஐக் கடந்தால் நீங்கிச் செல்லுதல். தோட்டக் கந்தோர்களில் மழையை அளந்து எழுதும் வழக்கம் பழையது. ஆயினும் அவ்வெண் லயத்தை எட்டுவது அரிது. நேரான பக்கங்களையுடைய தகரப்பேணி ஒன்றை மரநிழலோ கூரைத்துளியோ படாத வெளியில் வைத்து, நின்ற நீரை அடிமட்டத்தால் அளந்தாலே அன்றைய மழை தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை இது. மழை கடுத்தால் மறுநாட் காலை வரை காத்திராமல் மாலையிலும் படுக்கைக்கு முன்னரும் அளந்து, ஒரு கொப்பியில் நேரத்தோடு குறித்தல் வேண்டும்.