நீர்மேல் ஒரு நிறம்

அகத்திய மலையில் பிறந்து, நெய்யாற்றின்கரையைக் கடந்து, தென்னந்தோப்புகளினூடே அசைந்து வரும் நெய்யாறு அரபிக்கடலோடு கலக்கின்ற பூவார் பொழிமுகத்தில் நின்று, கண்ணுக்குமேல் கைவைத்து வள்ளம் வரும் திசையைப் பார்த்திருக்கும் தாய்க்கு, அலைகளினிடையே ஒரு மனிதத் தலை எத்துணை அற்பமாகத் தெரியும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இத்தென்கரையைச் சூறையாடியபோது, கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு மிதந்தவர்களுக்கு, உயிரைக் காத்துக்கொள்வதைப் போலவே தேடுவோர் கண்ணில் படுவதும் பெரும்பாடாயிற்று. கோவளம் பகுதியில் ஸ்கூபா கருவி பூண்டு மூழ்குவோருக்கும், விழிஞ்ஞம் பாறைகளில் மூச்சடக்கிச் சிப்பி எடுப்போருக்கும் இவ்வபாயம் பொதுவானதே.

காணாமற்போன சரீரம் படும் பாடு

மேலே வந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று மூழ்கியவர் எண்ணுவது இயல்பு. ஆயினும், ஒரு மீட்டர் உயர அலையே தலையை முழுதும் மறைத்துவிடும். நீரோட்டம் அவரைப் படகினின்றும் மெல்ல விலக்கும். காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கவர்வது ஜலமாதலால், நமது வெதுவெதுப்பான கடலிலும் மணிக்கணக்கில் மிதப்பவரின் தேகம் குளிர்ந்து சோரும். வெயிலும் உப்பும் தாகத்தைப் பெருக்க, பீதியால் கைகால்களை வீசுபவர் தம் சக்தியை விரைவில் இழப்பார். தாகம் எத்தனை வாட்டினும் கடல்நீரைப் பருகலாகாது. எதிர்நீச்சலைத் தவிர்த்து, மிதவைச் சட்டையில் காற்று நிரப்பி, துணைவரோடு சேர்ந்திருப்பதே விவேகம்.

கண்ணுக்கும் காதுக்கும் சங்கேதங்கள்

இச்சங்கேதங்களுள் முதன்மையானது, சுருட்டிப் பையில் அடக்கத்தக்கதும், காற்றூதினால் ஆளுயரத்துக்கு நீர்மேல் நிமிர்ந்து நிற்பதுமான ஆரஞ்சு நிற மிதவைக் குழாய். சுமார் 5 மீட்டர் ஆழத்தில், மேலேறும் முன் 3 நிமிடம் தங்கும் வேளையிலேயே இதை நூலுருளையோடு மேலே அனுப்பிவிட்டால், மூழ்கியவர் எங்கே எழுவார் என்பதைப் படகோட்டி முன்கூட்டியே அறிவார். நூல் சிக்கிக்கொண்டால் மிதவை ஆளையே மேலே இழுத்துச்செல்லும். அவ்வாறு வேகமாக எழுவது நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் கேடு. ஆகவே நூலை உடம்பில் கட்டாமலும், அமைதியான நீரில் பலமுறை பழகிய பின்னருமே இதைக் கையாளவேண்டும்.

கூவும் குரல் சிறிது நேரத்தில் கம்மிவிடும். நனைந்தாலும் ஒலிக்கும் விசில் அங்ஙனம் சோர்வதில்லை. மும்முறை ஊதுவது ஆபத்தின் அடையாளம். உள்ளங்கையளவு கண்ணாடி வெயிலில் பல கிலோமீட்டர் தூரம் மின்னும். அந்தி சாய்ந்தபின் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு அதன் ஸ்தானத்தைப் பெறும். 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் செயற்கைக்கோளுக்குச் செய்தி விடுக்கும் சிறு கருவியோ, தொலைதூரம் செல்வோருக்குப் பெருந்துணை.

படகிலிருப்போர் கடமை

மூழ்குவோர் கீழே இருக்கையில், சிவப்பில் வெண்பட்டை குறுக்கிட்ட கொடியையோ, வெண்மையும் நீலமும் கலந்த சர்வதேசக் கொடியையோ ஏற்றிவைப்பது பிற படகுகளை விலகச்செய்யும். ஒருவர் மீளாவிடில், தாமதியாது கடலோரக் காவற்படையின் 1554 எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். மீண்டவருக்குச் சில மணி நேரத்துள் மூட்டுவலி, மரமரப்பு, மூச்சுத்திணறல் தோன்றினால், களைப்பென்று எண்ணி உறங்கவிடாமல், படுக்கவைத்துப் பிராணவாயு அளித்து மருத்துவரிடம் சேர்ப்பிக்கவேண்டும்.

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், தலையெண்ணிக்கை பிழைத்ததால் ஓர் அமெரிக்கத் தம்பதியரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. இரண்டு நாள் சென்றபின், படகில் கிடந்த அவர்களுடைய பையே அச்செய்தியைச் சொல்லிற்று. சமிக்ஞையைப் பார்க்கப் படகே இல்லாதபோது மிதவையும் விசிலும் யாருக்கு? ஆகையால், நங்கூரம் தூக்குமுன் இறங்கியவர் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அழைத்து, அவரவர் வாயாலேயே பதில் கேட்டபின் கரைக்குத் திரும்புவது, செலவேதுமில்லாத முதற்காப்பாகும்.