தக்காளிக்கு முந்திய போகம்

ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக் கொல்லையில் வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் அன்றும் இன்றும் கண்ணில் படுவது ஒன்றுதான். இஞ்சியைச் சரம் கோத்தது போல வேர் முழுக்க முண்டும் முடிச்சும். நிலக்கடலை வேரிலும் முடிச்சு உண்டு. அது தழைச்சத்து தரும் நல்ல முடிச்சு, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும். இது உதிராது, வேரே வீங்கிப்போனது. உள்ளே இருப்பது வேர்முடிச்சு நூற்புழு. ஒரு பெண்புழு 300 முதல் 500 முட்டை வரை இடும். கோடையில் மாதத்துக்கு ஒரு தலைமுறை. மண்ணில் ஈரம் இருந்தும் செடி உச்சிவெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு மடை திறந்துவிடுகிறோம்.

இந்தப் புழு நமக்குப் புதிதில்லை. 1901-லேயே நீலகிரியின் தேவாலாத் தேயிலைத் தோட்டத்தில் தாவரவியலாளர் பார்பர் இதைக் கண்டு எழுதிவைத்தார்.

முன்பெல்லாம் இதற்கு ஒரே வைத்தியம் குருணை மருந்துதான். ஃபோரேட்டோ கார்போஃபியூரானோ, நாற்று நடும் குழியில் ஒரு சிட்டிகை. தூவியவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்கள், அதுவும் வெறுங்கையால். நாற்றம் தலைக்கேறும், மயக்கம் வரும். புழு சில வாரம் அடங்கும். அடுத்த போகத்தில் மறுபடி முளைக்கும். அந்தக் கைகளை நினைத்தால், 2020 டிசம்பர் இறுதியோடு ஃபோரேட்டுக்குத் தடை வந்தது மிகத் தாமதம் என்றே சொல்வேன்.

இன்று பலர் செண்டுமல்லியை நாடுகிறார்கள். 1958-ல் நெதர்லாந்து வேதியியலாளர்கள் இதன் வேரிலிருந்து ஆல்ஃபா டெர்தியனில் என்ற நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வேருக்குள் நுழையும் குஞ்சுப்புழு அங்கே வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வருவதில்லை.

ஆனால் வரப்போரம் ஒரு வரிசை நட்டுவிட்டு நூற்புழு ஒழிந்தது என்று இருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி என்பது காய்ப்புழுவுக்கான கணக்கு: தாய் அந்துப்பூச்சி பூவைத் தேடிப் போய் முட்டையிடும். நூற்புழு பூவைத் தேடி வராது. செண்டுமல்லி வேர் ஓடிய மண்ணில்தான் அதற்கு அடி விழும். அதனால் தக்காளிக்கு முந்திய போகத்தில், வயல் முழுக்க நெருக்கமாக, மூன்று மாதமாவது செண்டுமல்லி நிற்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பூ வருகிற மாதிரி நட்டால் கையில் காசும் நிற்கும். பறித்து முடித்ததும் மடக்கி உழுதுவிடலாம்.

இடையில் களை எடுப்பதில்தான் கண் வேண்டும். பூச்செடிக்கு நடுவே நாலு மணத்தக்காளி தப்பினால் போதும், புழு அதன் வேரில் பிழைத்துக்கொள்ளும். செம்பேன் வந்தாலும் முதலில் செண்டுமல்லியில்தான் ஏறும், இலையின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை செய்தால் தீர்ந்துவிடும் வேலையும் அல்ல. தக்காளி திரும்ப ஏறினால் புழுவும் பெருகும், இரண்டு மூன்று போகத்துக்குள் செண்டுமல்லிக்கு மறுபடி முறை வைத்தாக வேண்டும்.